ஓசூரா, தர்மபுரியா, எது பாதுகாப்பு? எஃப்ஐஆர் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு தர்மபுரியை விட்டுப் போகலாமா? கிருஷ்ணகிரியில் மனை வாங்கலாமா, சேலத்திலேயே இருந்துவிடலாமா? இப்படிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். 'பாதுகாப்பான நகரங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் சென்னை இருக்கும், கோயம்புத்தூர் இருக்கும். ஓசூரும் தர்மபுரியும் இருக்காது.

காரணம் எளிது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் (பேச்சு வழக்கில் என்சிஆர்பி) ஆண்டுதோறும் வெளியிடும் தொகுதியில் 'மாநகரம்' என்று தனியாக வருபவை 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 ஊர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு. மீதி எல்லா ஊருக்கும் மாவட்டக் கணக்குதான் கதி. அந்த மாவட்டக் கணக்கைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள்.

மாவட்டப் பட்டியலில் ஒரு வரி என்றால் அது ஒரு காவல் மாவட்டம். சேலத்துக்கு ஆணையரகம் இருப்பதால் 'சேலம் மாநகரம்' ஒரு வரி, 'சேலம்' இன்னொரு வரி. கோவை, திருப்பூர், மதுரை, திருச்சி, நெல்லைக்கும் அப்படியே. கிருஷ்ணகிரிக்கு எஸ்பி மட்டும்தான், அதனால் ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் ஓசூர் சிப்காட் காவல் நிலையமும் இருக்கிறது, அஞ்செட்டி மலைக் கிராமங்களும் இருக்கின்றன, சிங்காரப்பேட்டையும் இருக்கிறது. தர்மபுரி வரியும் அப்படித்தான். டவுன் நிலையம், தொப்பூர் கணவாய், ஏரியூர், கோட்டப்பட்டி எல்லாம் ஒரே கூடையில். சேலம் மாநகர எண்ணைக் கிருஷ்ணகிரி எண்ணோடு ஒப்பிடுகிறவர் உண்மையில் ஒரு ஊரை ஒரு மாவட்டத்தோடு ஒப்பிடுகிறார். ரயிலில் பறிபோன பை இந்த இரண்டிலும் வராது. ரயில்வே போலீஸ் தனி வரி. மொரப்பூரிலோ பொம்மிடியிலோ ரயிலில் நடந்த திருட்டு தர்மபுரி மாவட்டக் கணக்கில் ஏறாது.

ஆக முதல் வேலை, மாவட்ட வரியை விட்டுக் காவல் நிலைய அளவுக்கு இறங்குவது. ஓசூர் என்றால் டவுன், அட்கோ, சிப்காட் மூன்றும், குடியிருக்கப் போகும் திசையைப் பார்த்து மத்திகிரியோ பாகலூரோ ஒன்றும். தர்மபுரி என்றால் டவுன், மதிகோன்பாளையம், அதோடு கிருஷ்ணாபுரமோ அதியமான்கோட்டையோ. கிருஷ்ணகிரி என்றால் டவுன், தாலுகா, தேவைப்பட்டால் மகாராஜகடை. காவல் நிலைய எல்லையும் நகராட்சி எல்லையும் ஒன்றல்ல. ஒரே நகரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும். பார்க்கும் வீடு எந்த நிலைய எல்லையில் வருகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

அடுத்து வகுக்கும் எண். 'லட்சம் பேருக்கு இத்தனை' என்பதில் மேலே உள்ள எண்ணைப் பற்றிச் சண்டை போடுபவர்கள் கீழே உள்ள எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஓசூர் 2011 கணக்கெடுப்பில் 1,16,821 பேர் கொண்ட நகராட்சி. பிறகு சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்தன, 2019இல் மாநகராட்சியானது. இன்றைய குற்ற எண்ணிக்கையை எடுத்து அந்தப் பழைய 1.16 லட்சத்தால் வகுத்தால் ஓசூர் கொலைக்களம் போலத் தெரியும். அந்த எண்ணிக்கையில் மாநகராட்சிப் பரப்பு முழுவதும் வந்துவிடுகிறது, ஷிப்டுக்கு வந்துபோகும் ஆளும், அறையெடுத்துத் தங்கும் வடமாநிலத் தொழிலாளியும் வந்துவிடுகிறார்கள். வகுக்கும் எண்ணில் மட்டும் இவர்கள் யாரும் இல்லை. தர்மபுரி நகராட்சி (2011இல் 68,595), கிருஷ்ணகிரி நகராட்சி (71,323) இரண்டும் இந்த அளவுக்கு மாறவில்லை. அதனால் ஒரே தவறான கணக்கு ஓசூரை மட்டும் கூடுதலாக அடிக்கிறது.

என்சிஆர்பியும் இதே பள்ளத்தில்தான் இருக்கிறது. மாநிலங்களுக்கு அந்தந்த ஆண்டின் உத்தேச மக்கள்தொகையால் வகுக்கிறது, மாநகரங்களுக்கு 2011இன் எண்ணாலேயே வகுக்கிறது. எனவே சென்னையின் விகிதத்தையும் தமிழ்நாட்டின் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதே பிழை. அடுத்த கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1. அதன் எண்கள் கைக்கு வரும்வரை மாற்று வழி தேட வேண்டியதுதான். நடைமுறையில் ஒத்துவருபவை இரண்டு. ஒன்று, வாக்காளர் பட்டியலின் பாகம் வாரியான எண்ணிக்கை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர் போன்ற ஊர்களுக்கு இது சரியாக உதவும். ஓசூருக்கு உதவாது, ஏனென்றால் பாதிப் பேரின் ஓட்டு சொந்த ஊரில் இருக்கும். இரண்டாவது, குற்றத்துக்கு ஏற்ற வகுக்கும் எண். வீடு உடைப்பை வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், பைக் திருட்டைப் பைக்குகளால். ஊரில் பைக்கே இரண்டு மடங்கு இருந்தால் திருட்டும் கூடத்தான் செய்யும். அதற்காக உங்கள் பைக் போகும் வாய்ப்பு கூடிவிட்டது என்று ஆகாது.

இனி மேலே உள்ள எண். இங்கேதான் விஷயம் கனமானது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஜனவரி 1 அன்று குற்ற எண் 1இல் தொடங்கும், டிசம்பர் 31 வரை வரிசையாக ஓடும். 'குற்ற எண் 412/2024' என்று செய்தியில் வந்தால், அந்த நிலையத்தில் அந்த ஆண்டின் 412ஆவது எஃப்ஐஆர் அது. டிசம்பர் கடைசி வாரத்து எஃப்ஐஆர் ஒன்றின் எண்ணைப் பிடித்துவிட்டால் ஆண்டின் மொத்தம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். காவல்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்து எஃப்ஐஆரைப் பார்க்கலாம். உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவு. போக்ஸோ, பாலியல் வழக்குகள் அங்கே தெரியாது.

இந்தக் கடைசி எண்ணை அப்படியே 'குற்றம்' என்று எடுத்துக்கொண்டால் போச்சு. நம் மாநிலத்தில் சந்தேக மரணத்துக்கும் குற்ற எண் உண்டு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, இப்போது அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 194). தூக்குப் போட்டுக்கொண்டவர், கிணற்றில் விழுந்தவர், யானை மிதித்து இறந்தவர் எல்லாருக்கும் ஒரு எண் விழும். 'ஆள் காணவில்லை', 'பெண் காணவில்லை' என்பதற்கும் எண் விழும். அந்தப் பெண் இரண்டாம் நாள் காதலனோடு நிலையத்தில் வந்து நின்றாலும் எண் எண்தான். நெடுஞ்சாலை ஓரத்து நிலையமாக இருந்தால் விபத்து வழக்குகள் குவியும். பிறகு போலீஸ் தானாகப் பிடித்துப் போடும் வழக்குகள். கர்நாடக மது, குட்கா, சூதாட்டம், நாட்டுத் துப்பாக்கி, கஞ்சா.

கணக்குப் புரிவதற்காக இரண்டு கற்பனை நிலையங்களை எடுப்போம். நெடுஞ்சாலை ஓர நிலையத்தின் கடைசி எண் 620. உள்ளடங்கிய டவுன் நிலையத்தின் கடைசி எண் 410. பார்த்தவுடன் முதலாவதுதான் மோசம் என்று தோன்றும். முதலாவதில் விபத்து 180, போலீஸ் தானாகப் போட்டது 150, சந்தேக மரணமும் காணாமல் போனதும் 90. கழித்தால் மிச்சம் 200. இரண்டாவதில் அதே வரிசையில் 40, 60, 50. மிச்சம் 260. முதல் நிலைய எல்லையில் 1,10,000 பேர், இரண்டாவதில் 65,000 பேர் என்று வைத்தால் லட்சத்துக்கு 182 எதிர் 400. தலைகீழாகிவிட்டது. நிஜ எண்களைப் போட்டாலும் இந்தக் கழித்தல் இல்லாமல் தொப்பூர், குருபரப்பள்ளி, சூளகிரி போன்ற சாலையோர நிலையங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

போலீஸ் தானாகப் போடும் வழக்குகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெங்களூரிலிருந்து நெடுஞ்சாலை வழியாக வரும் சரக்கு ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் உள்ளே வரும். அங்கே ஒரு மாதம் இறுக்கிப் பிடித்தால் குட்கா, மது வழக்கு எண்ணிக்கை எகிறும். அடுத்த மாதம் பந்தோபஸ்துக்கு ஆளை அனுப்பிவிட்டால் எண்ணிக்கை விழும். கடத்தல் இரண்டு மாதமும் ஒன்றுதான். மலைக் கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பதும் அவ்வப்போது நடக்கும், அதைத் தொடர்ந்து ஆயுதச் சட்ட வழக்குகளும் கூடும். இவை எல்லாம் போலீஸ் எவ்வளவு வேலை செய்தது என்பதன் அளவு. ஊர் எவ்வளவு கெட்டது என்பதன் அளவு அல்ல. இதன் உச்சத்தைக் கொரோனா ஆண்டில் பார்த்தோம். 2020இல் ஊரடங்கு மீறலுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகளால் தமிழ்நாட்டின் மொத்தக் குற்ற எண்ணிக்கை ஊதிப் பெருத்தது. அந்த ஆண்டை ஒப்பீட்டிலிருந்து தூக்கிவிடுவதே நல்லது.

போக்ஸோ எண்ணிக்கைக்கும் இதே எச்சரிக்கை, ஆனால் காரணம் வேறு. இந்த இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் பழைய பிரச்சினை. கர்ப்பிணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) போட வேண்டும், வயதுச் சான்று கேட்பார்கள். வயது 17 என்று தெரிந்தால் போக்ஸோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவர் மீதே வழக்கு. செவிலியர்கள் ஒழுங்காகப் பதிவு செய்யும் வட்டாரத்தில் போக்ஸோ கூடும். வீட்டிலேயே மறைத்துவிடும் வட்டாரத்தில் குறையும். எண்ணிக்கை குறைந்த இடத்தைப் பெண் குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொண்டால் அது நேர் எதிர்ப் பாடம். மகளிர் காவல் நிலையம் பக்கத்தில் உள்ள ஊரில் குடும்ப வன்முறை வழக்கு கூடுவதும் இதே வகைதான்.

எழுதப்படாத குற்றம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. அரூர் வட்டம் வாச்சாத்தியில் அத்துமீறல் நடந்தது 1992 ஜூன் 20. உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சிபிஐ கைக்குப் போனது 1995இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள், அவர்களில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. 1992இன் தர்மபுரி புள்ளிவிவரத்தைப் பார்த்து 'அமைதியான மாவட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தால் அவரிடம் எண் இருந்திருக்கும். உண்மை இருந்திருக்காது.

அன்றாட அளவில் எழுதப்படாத குற்றத்தின் பெயர் சிஎஸ்ஆர். செயினோ செல்போனோ போய்விட்டது என்று நிலையத்துக்குப் போனால் பல நேரம் கிடைப்பது இந்த ரசீதுதான். "சிஎஸ்ஆர் போட்டுத் தர்றோம்மா, பொருள் கிடைச்சா கூப்பிடுறோம்" என்பார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வந்ததற்கான ஒப்புகை. அதில் குற்ற எண் கிடையாது, எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. எஃப்ஐஆர் தாராளமாகப் போடும் ஆய்வாளர் வந்தால் ஊரில் 'குற்றம் கூடும்', கறாரானவர் வந்தால் 'குறையும்'. ஒரு நிலையத்தில் திருட்டு திடீரென்று பாதியானால் திருடன் திருந்திவிட்டான் என்று நினைப்பதற்கு முன்னால் ஆய்வாளர் மாறினாரா என்று பார்க்க வேண்டும்.

எஃப்ஐஆர் மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியது பிஎன்எஸ்எஸ் 173(4)இல் இருக்கிறது. புகாரை எழுத்தில் எஸ்பிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் கையில் சான்று இருக்கும். அதிலும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. இணையம் வழியாகப் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அது பதிவாகாது. அத்திப்பள்ளியில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு ஓசூர் திரும்பியவர் ஓசூரிலேயே புகார் கொடுக்கலாம். எல்லை காரணம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டுக் கர்நாடகத்துக்கு மாற்ற வேண்டும். அந்த வழக்கு கடைசியில் ஏறுவது அவர்கள் கணக்கில். ஓசூர்க்காரர் தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் என்றால், அவருக்கு நேரும் ஆபத்தில் ஒரு பங்கு ஓசூர் எண்ணிலேயே இல்லை என்று இதற்குப் பொருள்.

இத்தனை கழிவுக்குப் பிறகு நம்பத்தகுந்த எண் ஏதாவது மிஞ்சுமா? இரண்டு மிஞ்சும். கொலை, வாகனத் திருட்டு. கொலையை மறைப்பது கடினம், உடல் இருக்கிறது. வாகனத் திருட்டுக்கு எஃப்ஐஆர் இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும், அதனால் வண்டிக்காரர் விடாமல் எஃப்ஐஆர் வாங்கிவிடுவார். அதிலும் இன்சூரன்ஸ் காலாவதியான பழைய வண்டி, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டி பாதி விட்டுப்போகும். மூன்றாவதாகக் கன்னக்களவைச் சேர்த்துக்கொள்ளலாம். பூட்டை உடைத்துத் திருடியதைப் போலீஸ் ஆவணங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். நகை போன வீட்டுக்காரர் பெரும்பாலும் விடுவதில்லை. செல்போன் திருட்டை மட்டும் நம்பவே வேண்டாம், பாதி 'தொலைந்துபோனது' என்று எழுதப்பட்டிருக்கும்.

2024 ஜூலை 1க்கு முன்னும் பின்னும் உள்ள திருட்டு எண்களை ஒட்டவைக்கவும் கூடாது. அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பிஎன்எஸ் வந்தது. செயின் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு வந்தது. முன்பு ஒரு நிலையத்தில் 379இல் திருட்டாகவும் இன்னொன்றில் 392இல் வழிப்பறியாகவும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 5,000 ரூபாய்க்குக் கீழே உள்ள சாதாரணத் திருட்டு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குப் போய்விட்டது. சில்லறைத் திருட்டு எஃப்ஐஆர் குறைந்தால் அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, திருடனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

கொலை எண்ணிக்கை நம்பகமானது, ஆனால் சிறியது. தமிழ்நாட்டில் 2022இல் 1,690 கொலை, லட்சத்துக்கு 2.2. இந்த விகிதத்தில் 15 லட்சம் பேர் உள்ள தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டுக்கு 33 எதிர்பார்க்கலாம். நகராட்சிக்குள் மட்டும் என்றால் ஒன்றரை. ஒரு வருடம் ஒன்று, மறு வருடம் மூன்று என்றால் 'கொலை மூன்று மடங்கு' என்று தலைப்புப் போடலாம், அதில் சேதி ஒன்றும் இல்லை. இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், அந்த அளவுக்கு மேலோ கீழோ தற்செயலாகவே ஆடும். 9 கொலை என்றால் வர்க்கமூலம் 3, இரண்டு மடங்கு 6, ஆக 3 முதல் 15 வரை எதுவும் அதே ஊர்தான். 100 வண்டித் திருட்டு என்றால் 80 முதல் 120. இந்த வரம்பைத் தாண்டினால்தான் பேச ஏதோ இருக்கிறது. சின்ன ஊருக்கு மூன்று ஆண்டைக் கூட்டி மூன்றால் வகுக்காமல் ஒப்பிடாதீர்கள்.

எண்களை எங்கே வாங்குவது? மாநில அளவுக்குச் சட்டமன்றத்தில் வைக்கும் காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு. மாவட்டத்துக்கு என்சிஆர்பி அட்டவணை, ஆனால் தாமதமாக வரும். 2022க்கான தொகுதி 2023 டிசம்பரில் வந்தது, 2023க்கானது 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. நிலைய அளவுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ஒன்றே வழி. மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு. பதில் 30 நாளில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால். "ஓசூரில் ஏன் திருட்டு அதிகம்?" என்று கேட்டால் 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "மாவட்டத்தின் எல்லா நிலையங்களுக்கும் பத்தாண்டுக்கு எல்லாப் பிரிவுகளும்" என்று கேட்டால் அலுவலகத்தின் ஆள்பலம் முழுவதும் இதற்கே போய்விடும் என்று ஆர்டிஐ சட்டத்தின் 7(9)ஐக் காட்டுவார்கள். நான்கு நிலையம், மூன்று ஆண்டு, ஆறு தலைப்பு போதும். இப்படி எழுதலாம்: "கீழ்க்கண்ட நான்கு காவல் நிலையங்களில் 1.1.2022 முதல் 31.12.2024 வரை ஆண்டுவாரியாகப் பதிவான (அ) கொலை (ஆ) வழிப்பறி மற்றும் பறிப்பு (இ) கன்னக்களவு, பகல் மற்றும் இரவு தனித்தனியாக (ஈ) இருசக்கர வாகனத் திருட்டு (உ) மரணம் விளைவித்த சாலை விபத்து ஆகிய வழக்குகளின் எண்ணிக்கையும், (ஊ) அதே காலத்தில் வழங்கிய சிஎஸ்ஆர் எண்ணிக்கையும் வழங்குக." பெயரோ வழக்கு விவரமோ கேட்காததால் புலன்விசாரணை பாதிக்கும் என்ற மறுப்புக்கு இடமில்லை. கடைசித் தலைப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு எஃப்ஐஆருக்கு எத்தனை சிஎஸ்ஆர் என்பது அந்த நிலையத்தின் கைப்பழக்கத்தைக் காட்டிவிடும்.

அந்தப் பட்டியலில் சாலை விபத்து இருப்பது சும்மா இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் 1,690 பேர் கொலையானார்கள். அதே ஆண்டில் சாலையில் செத்தவர்கள் 17,884. பத்து மடங்குக்கு மேல், லட்சத்துக்கு 23. கொலையிலும் பெரும்பாலானவை குடும்பம், நிலத் தகராறு, முன்பகை. வழியில் போகிறவருக்கு அதில் பங்கு குறைவு. சாலை யாரையும் பார்ப்பதில்லை. எந்த ஊர் பாதுகாப்பு என்று கேட்கும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, பிள்ளை பள்ளிக்கோ கம்பெனிக்கோ போக 44ஆம் எண் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டுமா என்பதைத்தான்.

தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு வரும் பாரவண்டிக்கு இஞ்சின் பிடிப்பு இருக்காது. பிரேக்கை மட்டுமே மிதித்து மிதித்துச் சூடேறி, இரட்டைப் பாலத்துக்கு வரும்போது பிடிக்காமல் போகும். அங்கே லாரிக்கு முன்னால் போவதும் லாரியை ஒட்டிப் போவதும் இரண்டும் தப்பு. கியரில் இறங்கும் வண்டியா என்று வெளியிலிருந்து தெரியாது, ஆகவே இடைவெளி விட்டு இடது ஓரம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஆபத்து வேறு மாதிரி. சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் வரும் பைக், நடுத் தடுப்பில் ஆட்களே உண்டாக்கிய இடைவெளி. வீடு பார்க்கும்போது கடைக்குப் போக மேம்பாலமோ சுரங்கப்பாதையோ எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் என்றால் அங்கே குடியிருப்பவர்கள் தடுப்பைத்தான் தாண்டுகிறார்கள், நாளைக்கு நீங்களும் தாண்டுவீர்கள்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, சானமாவு பக்கம் என்றால் கேள்வி யானை. ராகி முற்றும் காலத்தில், ஐப்பசி முதல் மாசி வரை, பன்னேருகட்டா பக்கமிருந்து கூட்டம் வரும். ஆபத்தான நேரம் இருட்டிய பிறகும் விடியும் முன்பும். பால் ஊற்றவும் முதல் ஷிப்டுக்கும் கிளம்புகிறவர்கள் விடியும் வரை பொறுப்பதும், வனத்துறை எச்சரிக்கும் நாளில் சுற்றுவழியில் போவதும் தவிர வேறு உபாயம் இல்லை.

தெரு அளவுக்கு வந்துவிட்டால் எந்தப் புள்ளிவிவரமும் உதவாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "இந்த ஏரியா சேஃபா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் பயமில்லைங்க" என்ற பதில்தான் வரும், வீட்டு உரிமையாளர் வேறு என்ன சொல்வார். "போன தீபாவளியிலிருந்து இந்தத் தெருவில் வண்டி போச்சா, வீடு உடைஞ்சதா? எஃப்ஐஆரா, சிஎஸ்ஆரா?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய ஆட்கள் விடியற்காலைப் பால்காரர், மின் கணக்கெடுப்பவர், இரவுப் பணியில் உள்ள பெட்ரோல் பங்க் ஊழியர். இவர்களுக்கு விற்க மனை இல்லை. இரவு இரண்டு முறை அந்த வழியை நடந்தே பாருங்கள். எட்டரைக்கு ஒருமுறை, இரண்டாம் ஷிப்ட் விட்டபின் பத்தரைக்கு ஒருமுறை. எட்டரைக்கு எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். பத்தரைக்குப் பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை கடை திறந்திருக்கிறது, டாஸ்மாக் வழியில் இருக்கிறதா, கேமரா வாசலைப் பார்க்கிறதா வானத்தைப் பார்க்கிறதா என்பவைதான் கணக்கு. மகளை விடுதியில் சேர்ப்பதானால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிக்கு உரிமம் கட்டாயம். உரிமத்தின் நகலைக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் அறை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

வீடு உடைப்பில் திருடன் பார்ப்பது முதலில் வாசலைத்தான். வெளியே தொங்கு பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று வீடே விளம்பரம் செய்கிறது. பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனில்லை, கடப்பாரையை நுழைத்து நெம்பினால் பெயர்வது பூட்டு அல்ல, நாதாங்கி. அரையங்குல ஸ்குரூவில் நிற்கும் நாதாங்கி ஒரே நெம்பில் வந்துவிடும். கதவுக்குள் பதித்த பூட்டுக்கு மாற்றுங்கள். நாதாங்கி வேண்டும் என்றால் கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு போட்டு முடுக்குங்கள். மாடிப்படிக் கதவை மறந்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம், பக்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு தாவு போதும். பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைக்கும் பழக்கமும் அப்படித்தான். திருப்பதிக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போனால், நிலையத்தில் வீட்டு முகவரி, போகும் தேதி, வரும் தேதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இரவு ரோந்தில் பூட்டிய வீடுகளைப் பார்ப்பதற்கென்றே அதை வாங்கி வைக்கிறார்கள். கொடுத்துவிட்டு, எந்த பீட் காவலர் வருவார் என்று கேட்டு அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.